வீட்டில் வளரும் நட்சத்திர ஆமையை என்ன செய்வது?
வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவரின் பதில்கள்

கேள்வி: ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் புதுமனைப் புகுவிழாவுக்கு வந்த என் கணவரின் நண்பர் ஒருவர், உள்ளங்கையில் அடங்கும் அளவில் ஒரு நட்சத்திர ஆமையைப் பரிசாகக் கொடுத்தார். வடக்கு மூலையில் வைத்து வளர்த்தால் செல்வம் நிலைக்கும் என்றார். அன்று முதல் வீட்டுப் பிள்ளையைப் போலவே வளர்த்து வருகிறோம். முட்டைக்கோஸ், தக்காளி, சோறு எல்லாம் சாப்பிடுகிறது. தினமும் தண்ணீர்த் தொட்டியில் நீந்த விடுகிறோம். இதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம் என்று இப்போதுதான் கேள்விப்பட்டேன். ஊருக்கு வெளியே இருக்கும் குன்றடிப் புதர்க்காட்டில் கொண்டுபோய் விட்டுவிடலாமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, விழுப்புரம் மாவட்டம்)

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து காட்டில் விடாதீர்கள். அன்போடு செய்யும் காரியம்தான் என்றாலும், அந்த ஆமைக்கும் அந்தக் காட்டில் ஏற்கெனவே வாழும் ஆமைகளுக்கும் அது நன்மை தராது. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. நீந்த விடுவதை நிறுத்திவிடுங்கள். நட்சத்திர ஆமை நீரில் வாழும் ஆமை அன்று. முட்புதரும் புல்லும் கலந்த வறண்ட நிலத்தில் விடியற்காலையிலும் மாலையிலும் மேய்ந்து திரியும் தரை ஆமை அது. ஆழமான தண்ணீரில் அது நீந்துவதாக நமக்குத் தெரிவது, மூழ்காமல் இருக்க அது படும் பாடு. ஒரு தட்டத்தில் விரல் கணு அளவு தண்ணீர் வைத்தால் போதும், குடித்துக்கொள்ளும். சோற்றையும் நிறுத்துங்கள். அறுகம்புல், முருங்கை இலை, செம்பருத்திப் பூ, முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி ஆகியவை அதன் இயல்பான உணவுக்கு நெருக்கமானவை. காலை வெயில் கண்ணாடி வழியாக இல்லாமல் நேரடியாக அதன் மேல் பட வேண்டும். வெயில் ஏறும்போது ஒதுங்குவதற்கு நிழலும் வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பெரியவர் இதே போன்ற ஓர் ஆமையைப் பிளாஸ்டிக் வாளியில் வைத்து என்னிடம் கொண்டுவந்தார். இட்லியும் முட்டைக்கோஸும் கொடுத்து, மின்விசிறிக்கு அடியில், வெயிலே படாமல் ஆறு ஆண்டுகள் வளர்த்திருந்தார்கள். அடிவயிற்று ஓட்டின் மேல் கட்டைவிரலை வைத்து லேசாக அழுத்தினேன். நனைந்த அட்டைப்பெட்டியைப் போல உள்ளே போனது. மூக்குத் துவாரத்தில் மூச்சுக்கு ஒரு நீர்க்குமிழி வந்து உடைந்தது. மேலலகு கிளி மூக்கைப் போல வளைந்து நீண்டிருந்ததால் வாயை மூடவே முடியவில்லை. எக்ஸ்ரேயில் எலும்புகள் பென்சிலால் மெல்லக் கோடு போட்டது போல மங்கித் தெரிந்தன. சுண்ணாம்புச் சத்தும் சூரியனின் புற ஊதாக் கதிரும் கிடைக்காத ஆமைக்கு இதுதான் நேரும். அது பதினோராவது நாள் இறந்தது. அந்தப் பெரியவர் என் அறையிலேயே அழுதார். அவர் அதைக் கொடுமைப்படுத்தியவர் அல்லர். தம் பேரப்பிள்ளைகளுக்கு ஊட்டுவதையே அதற்கும் ஊட்டியவர். ஊர்வனவற்றை வளர்ப்பதில் உள்ள முதல் சிக்கல் இதுதான். நாய் வலித்தால் குரைக்கும், பூனை பசித்தால் காலைச் சுற்றும். ஆமையோ, பாம்போ, பல்லியோ ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் நலியும். நமக்குத் தெரியவரும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

இரண்டாவது சிக்கல் உங்கள் வீட்டுக்கு வெளியே இருக்கிறது. உங்களிடம் இருக்கும் ஆமை எங்கிருந்து வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நட்சத்திர ஆமைகள் வடமேற்கே குஜராத், ராஜஸ்தான், அவற்றை ஒட்டிய பாகிஸ்தான் பகுதி ஆகிய இடங்களிலும், தெற்கே தமிழ்நாடு, ஆந்திரம், கர்நாடகத்தின் கிழக்குப் பகுதி ஆகிய இடங்களிலும், கடலுக்கு அப்பால் இலங்கையிலும் இயற்கையாக வாழ்கின்றன. பரிசாகவும் வாஸ்துப் பொருளாகவும் கைமாறும் ஆமைகள் இந்தப் புதர்க்காடுகளில் பொறுக்கப்பட்டவையே. 2015-இல் வெளியான ஓர் ஆய்வு, ஆந்திர - கர்நாடக எல்லையில் உள்ள ஒரே ஒரு வணிக மையத்தின் வழியாக மட்டும் ஓராண்டில் குறைந்தது 55,000 நட்சத்திர ஆமைகள் பிடித்துச் செல்லப்பட்டதாகக் கணக்கிட்டது. அவற்றில் பெரும்பகுதி வெளிநாடுகளுக்குப் போகிறது. கால்கள் அசையாதபடி ஒட்டுநாடா சுற்றி, காலுறைக்குள் திணித்து, துணிப்பெட்டியின் அடியில் அடுக்கிய ஆமைகளைச் சென்னை விமான நிலையத்தில் சுங்கத் துறையினர் எத்தனையோ முறை பிடித்திருக்கிறார்கள்.

ஓர் ஆமையை எடுத்தால் என்ன குறைந்துவிடப் போகிறது என்று கேட்பவர்களுக்கு அதன் வாழ்க்கைக் கணக்கைச் சொல்ல வேண்டும். பெண் ஆமை முட்டையிடும் பருவத்தை அடையவே பல ஆண்டுகள் ஆகும். ஒரு தடவைக்குச் சில முட்டைகளே இடும். அந்த முட்டைகளைக் கீரியும் உடும்பும் தின்றது போக, குஞ்சுகளைக் காகமும் நரியும் தூக்கியது போக, மிஞ்சுவது மிகச் சில. அப்படித் தப்பிப் பிழைத்த ஆமை பல பத்தாண்டுகள் வாழ்ந்து, ஆண்டுதோறும் முட்டையிட்டு அந்த இழப்பையெல்லாம் ஈடுகட்டுவதை நம்பித்தான் இந்த இனமே நிற்கிறது. எலியைப் போல வேகமாகப் பெருகும் உயிர் ஒன்று பிடிபட்டால் அடுத்த மழைக்குள் இடம் நிரம்பிவிடும். ஆமை பிடிபட்ட இடம் ஒரு தலைமுறைக்கு வெறுமையாகவே கிடக்கும்.

'ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது' என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். அந்தப் பழமொழியில் ஆமைக்கு நியாயம் இல்லைதான். ஆனாலும் அது ஆமையை வீட்டுக்கு வெளியே, அதற்குரிய புதரில் விட்டுவைத்தது. அதே ஆமையைச் செல்வம் தரும் பொருளாக்கி வீட்டுக்குள் கொண்டுவந்தது கடைத்தெரு. உங்களுக்குப் பரிசளித்த நண்பரும் நம்பித்தான் கொடுத்திருப்பார். அவர் மீது எனக்குக் கோபம் இல்லை.

இனி, ஏன் காட்டில் விடக்கூடாது என்பதற்கு வருகிறேன். வடமேற்கு ஆமைகளும் தெற்கு ஆமைகளும் மரபணுவில் வேறுபட்டவை. உருவ அளவிலும் தென்னிந்திய ஆமைகள் சிறியவை. உங்களுடையது ராஜஸ்தானத்து ஆமையாக இருந்தால், அதை விழுப்புரத்துக் குன்றடியில் விடுவது உள்ளூர்க் குருதியில் அயலைக் கலப்பதாகும். 2004-இல் சிங்கப்பூரில் பறிமுதல் செய்யப்பட்ட 1,800-க்கும் மேற்பட்ட நட்சத்திர ஆமைகள் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டபோது, எந்தக் காட்டில் விடுவது என்ற கேள்வி எழுந்தது. ஹைதராபாதில் உள்ள அறிவியலாளர்கள் அவற்றின் மரபணுவைச் சோதித்து, அவை ஒரே இடத்தைச் சேர்ந்தவை அல்ல என்று கண்டார்கள். காட்டிலிருந்து எடுக்க ஒரு நொடி போதும். திருப்பி வைப்பதற்கோ ஆய்வுக்கூடம் தேவைப்படுகிறது. ஒன்பது ஆண்டுகள் மனிதர்களோடு வாழ்ந்த ஆமை கோழி, நாய், மனிதர்களிடமிருந்து பெற்ற கிருமிகளையும் சுமந்திருக்கலாம். சுவாச நோய் ஒன்று புகுந்துவிட்டால் அந்தப் புதர்க்காட்டு ஆமைகள் அனைத்துக்கும் அது பரவக்கூடும்.

சட்டத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, நட்சத்திர ஆமை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பின் கீழ் இருக்கிறது. வைத்திருப்பது மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையிலும் 2019-இல் இது முதல் பட்டியலுக்கு உயர்த்தப்பட்டது. எனவே ஒரு வழக்கறிஞரைக் கலந்துகொண்டு, ஆமை எப்போது, எப்படி வந்தது என்பதை உள்ளபடியே ஒரு கடிதமாக எழுதி, மாவட்ட வன அலுவலரிடம் நீங்களாகவே முன்வந்து ஒப்படையுங்கள். பிடிபடுவதும் ஒப்படைப்பதும் ஒன்றாகாது. என்ன உணவு கொடுத்தீர்கள், எப்போதாவது நோயுற்றதா என்பதையும் அந்தக் கடிதத்தில் சேர்த்துவிடுங்கள். அடுத்து அதைப் பராமரிக்கப் போகிறவருக்கு அது மிகவும் உதவும்.

கேள்வி: வெளிநாடுகளில் பண்ணைகளில் குஞ்சு பொரித்த ஊர்வனவற்றைத்தான் விற்கிறார்கள். பண்ணையில் பிறந்ததை வாங்கினால் காட்டில் பிடிப்பது குறையும் அல்லவா? எல்லாவற்றையும் தடை செய்யச் சொல்வது நியாயமா?
(கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்)

பதில்: உங்கள் வாதத்தில் உண்மை இருக்கிறது. சிறுத்தைப் பல்லியும் அமெரிக்காவின் சோளப் பாம்பும் பல தலைமுறைகளாக மனிதர் வசத்தில் பெருகுபவை; அவற்றுக்காக இன்று யாரும் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. ஆர்வலர்கள் வீட்டில் கற்றுக்கொண்ட இனப்பெருக்க நுட்பங்கள் சில அரிய இனங்களைக் காக்கவும் பயன்பட்டிருக்கின்றன. ஆனால் 'பண்ணையில் பிறந்தது' என்ற சொற்றொடரை நம்பி எல்லா இனங்களுக்கும் கதவைத் திறந்துவிட முடியாது.

இந்தோனேசியாவின் பச்சை மலைப்பாம்பை எடுத்துக்கொள்ளுங்கள். குஞ்சில் மஞ்சளாகவோ செம்பழுப்பாகவோ இருந்து, வளர வளர மரகதப் பச்சையாக மாறும் பேரழகு வாய்ந்த பாம்பு அது. அங்கிருந்து ஏற்றுமதியாகும் ஒவ்வொன்றும் பண்ணையில் பிறந்தது என்றே தாளில் எழுதப்பட்டிருந்தது. 2009 முதல் 2011 வரை பப்புவா, மலுக்கு தீவுகளில் வணிகர்களிடம் நேரில் போய்ப் பதிவு செய்த ஆய்வாளர்கள், ஏற்றுமதியானவற்றில் சுமார் 80 விழுக்காடு காட்டில் பிடிக்கப்பட்டவை என்றும், ஆண்டுக்குக் குறைந்தது 5,300 பாம்புகள் இவ்வாறு பண்ணைப் பெயரில் சலவை செய்யப்படுகின்றன என்றும் கண்டார்கள். அவர்கள் முன்வைத்த தீர்வு எளிமையானது. ஒரு பாம்பைப் பண்ணையில் பிறந்ததாகச் சொல்லும் ஒவ்வொருவரும் அதன் முட்டை ஓட்டையும் சேர்த்துக் காட்டட்டும் என்றார்கள். உண்மையாகவே குஞ்சு பொரிக்கிறவரிடம் ஓடு இருக்கும். காட்டில் பிடித்தவர் ஓட்டுக்கு எங்கே போவார்?

பொய் ஏதும் இல்லாத இடத்திலும் 'பண்ணை' என்ற சொல்லின் பொருள் நாம் நினைப்பது அன்று. வளர்ப்புப் பாம்புகளில் மிகுதியாக விற்பனையாகும் ஒன்றான பால் பைத்தானை (ball python, பந்து மலைப்பாம்பு) மேற்கு ஆப்பிரிக்காவின் டோகோ, பெனின், கானா நாடுகளிலிருந்து ஏற்றுமதி செய்கிறார்கள். அங்கே காட்டு வளைகளைத் தோண்டி, முட்டை சுமக்கும் தாய்ப் பாம்புகளையும் முட்டைகளையும் கொண்டுவந்து பொரிக்க வைத்து, குஞ்சுகளை விற்பதும் பண்ணை முறையாகவே கணக்கில் சேர்கிறது. 1975 முதல் இந்தப் பகுதியிலிருந்து 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பால் பைத்தான்கள் வெளியேறியிருக்கின்றன. கண்ணாடிப் பெட்டிக்குள் பிறந்து வளர்ந்த வம்சத்தைத்தான் வாங்குகிறோம் என்று நினைக்கிறவர்களில் பலர், ஒரு காட்டு வளையின் அந்த ஆண்டு விளைச்சலை வாங்குகிறார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இலங்கையின் மழைக்காடுகளில் மட்டுமே வாழும் கொம்பு ஓணான்களை ஏற்றுமதி செய்ய அந்த நாட்டுச் சட்டம் இடம் தருவதில்லை. அப்படியிருந்தும் அவை ஐரோப்பியச் சந்தைகளில் விலைக்குக் கிடைத்தன. சட்டப்படி ஒன்றுகூட வெளியேறாத நாட்டிலிருந்து முதல் தாயும் தந்தையும் எப்படி வந்திருக்கும்? கடத்தி வந்தவற்றின் பிள்ளைகளை நேர்மையாக வளர்த்து விற்றாலும், அந்தச் சந்தை அடுத்த கடத்தலுக்குத்தான் விலை நிர்ணயிக்கிறது. 2019-இல்தான் இந்த ஓணான்கள் சைட்டீஸ் பட்டியல்களில் சேர்க்கப்பட்டன. அதற்கு அடுத்த ஆண்டு வெளியான ஓர் ஆய்வின்படி, உலகின் ஊர்வன இனங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இணையச் சந்தையில் விற்பனைக்கு வருகின்றன. அவற்றில் ஏறத்தாழ முக்கால் பங்கு எந்தப் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்கும் உட்படாதவை.

ஆகவே என் நிலை இது: தடை எல்லாவற்றுக்கும் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வளர்த்து விற்க ஆகும் செலவைவிடக் காட்டில் பிடிக்க ஆகும் செலவு குறைவாக இருக்கும் எந்த இனத்திலும் பண்ணை காட்டைக் காப்பாற்றாது. பத்து ஆண்டுகள் தீனி போட்டுப் பெண் ஆமையை முட்டையிடும் பருவத்துக்குக் கொண்டுவர வேண்டும். புதரில் குனிந்து எடுக்கவோ காசு எதுவும் ஆகாது. நட்சத்திர ஆமையில் பண்ணை ஒருநாளும் வெல்லாது என்று நான் கருதுவதற்கு இதுவே காரணம்.

கேள்வி: பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகன் பால் பைத்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறான். விற்பவர் பாங்காக்கிலிருந்து வந்தது, இந்தியப் பாம்பு இல்லை என்பதால் சட்டச் சிக்கல் எதுவும் இல்லை என்கிறார். வாங்கித் தரலாமா?
(ஒரு தந்தை, சென்னை)

பதில்: வேண்டாம். விற்பவர் சொல்வது தவறு. 2022 திருத்தத்தால், சைட்டீஸ் பட்டியலில் உள்ள அயல்நாட்டு உயிரினங்களும் நம் சட்டத்துக்குள் வந்துவிட்டன. 2024-இல் வெளியான விதிகளின்படி, அவற்றை வைத்திருப்பவர் மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்தாக வேண்டும். பால் பைத்தானும் பச்சை இகுவானாவும் அந்தப் பட்டியலில் அடங்கும். உரிய இறக்குமதி அனுமதியைக் காட்ட முடியாத ஒருவர் 'பாங்காக்கிலிருந்து வந்தது' என்று சொன்னால், அது எந்த வழியாக வந்திருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. அந்தப் பாம்பு முப்பது ஆண்டுகள் வாழக்கூடியது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். பத்தாம் வகுப்புப் பையன் கல்லூரிக்கும் வேலைக்கும் வெளியூர் போன பிறகு, வாராவாரம் எலி கொடுப்பவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

ஆனால் பையனின் ஆசையை அணைத்துவிடாதீர்கள். பாம்பைக் கண்டதும் கம்பை எடுக்கும் ஊரில் பாம்பை விரும்பும் பிள்ளை கிடைப்பது அரிது. கிழக்குக் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலியில் உள்ள முதலைப் பண்ணைக்கு அழைத்துச் செல்லுங்கள். கிண்டி பாம்புப் பண்ணையில் ஒரு நாள் முழுவதும் நிற்கட்டும். உங்கள் வீட்டுச் சுவரில் விளக்கடியில் வரும் பல்லிகளை ஒரு மாதம் குறிப்பெடுக்கச் சொல்லுங்கள். எத்தனை வகை, எது எந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, எது எதை விரட்டுகிறது என்று எழுதத் தொடங்கினால் பைத்தானை மறந்துவிடுவான்.

படம் எடுத்து இணையத்தில் போடப் பழகினால் ஒன்றை மட்டும் சொல்லிக்கொடுங்கள்: அரிய ஊர்வனவற்றின் இடத்தை வெளியிடக்கூடாது. சீனாவின் தென்பகுதியில் வாழும் ஒரு குகைப் பல்லி இனத்தை 1999-இல் அறிவியலாளர்கள் முதன்முதலாக விவரித்தார்கள். கட்டுரையில் இடம் குறிப்பிடப்பட்டிருந்தது. அதைப் படித்துக்கொண்டு பிடிப்பவர்கள் அங்கே போனார்கள். அது முதலில் கண்டறியப்பட்ட இடத்திலேயே இல்லாமல் போனது. அதே குடும்பத்தில் புதிய இனங்களை 2015-இல் விவரித்தவர்கள், இடத்தை வெளியிடாமல் மறைத்தே எழுதினார்கள். ஓர் உயிருக்குப் பெயர் வைத்தவரே அது எங்கே இருக்கிறது என்பதைச் சொல்ல முடியாத நிலை வந்திருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வேதனையாக இருக்கிறது.

கேள்வி: மீன் தொட்டிக் கடையில் வாங்கிய இரண்டு சிவப்புக் காது ஆமைகள் பெரிதாகிவிட்டன. கோயில் குளத்தில் விட்டால் புண்ணியம் என்று வீட்டில் சொல்கிறார்கள். சரியா?
(வாசகர், கும்பகோணம்)

பதில்: சரியன்று. அவை அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகையைச் சேர்ந்தவை. நாணய அளவில் விற்கப்பட்டு, தட்டு அளவுக்கு வளர்ந்ததும் இப்படித்தான் உலகெங்கும் குளங்களில் கொட்டப்பட்டன. நம் குளங்களில் இயல்பாக வாழும் பாலாமையோடும் கருப்பு ஆமையோடும் அவை இரைக்கும் வெயில் காயும் கரைக்கும் போட்டியிடும். சால்மோனெல்லா கிருமி குழந்தைகளுக்குப் பரவியதால் நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்பதை அமெரிக்காவே 1975-இல் தடை செய்தது. வீட்டில் இடம் இருந்தால் இறுதிவரை பெரிய தொட்டியில் வைத்துக் காப்பாற்றுங்கள். முடியாவிட்டால் வனத்துறையைக் கேளுங்கள். தொட்டபின் பிள்ளைகள் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

கேள்வி: காட்டிலிருந்து பிடிப்பதே தவறு என்றால், இருளர் கூட்டுறவுச் சங்கம் நாகத்தையும் விரியனையும் பிடிப்பது மட்டும் எப்படிச் சரி?
(ஆசிரியர், செங்கல்பட்டு)

பதில்: நல்ல கேள்வி. அந்தச் சங்கம் 1978-இல் தொடங்கப்பட்டது. பாம்புத் தோல் வணிகம் தடை செய்யப்பட்டபின், அதை நம்பியிருந்த இருளர்களின் கைத்திறனை உயிர் காக்கும் வேலைக்குத் திருப்பியது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் வனத்துறை அனுமதிக்கும் எண்ணிக்கைக்குள் மட்டும் பிடித்து, மண்பானையில் வைத்துத் துணியால் வாய் கட்டி, சில வாரங்களில் வாரத்துக்கு ஒருமுறை நஞ்சு எடுத்தபின் மீண்டும் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்த நஞ்சிலிருந்துதான் பாம்புக்கடிக்கான மருந்து உருவாகிறது. விடுவதற்கு முன் ஒவ்வொரு பாம்பின் அடிவயிற்றுச் செதிலிலும் சிறு அடையாளம் வெட்டுகிறார்கள். அண்மையில் நஞ்சு கொடுத்துவிட்டுப் போன பாம்பு மீண்டும் கையில் சிக்கினால், வயிற்றைத் திருப்பிப் பார்த்து அந்த வெட்டைக் கண்டதும் அங்கேயே விட்டுவிடுவதற்காக.